காசில் ஏறிய முகம்

திண்டுக்கல்லிலிருந்து பழநி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு ஒரு ரயில் பாதை போகிறது. தெற்கே மலை, வடக்கே கொங்குச் சமவெளி. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் சேர நாட்டுக் கடற்கரை. மதுரையிலிருந்து முசிறித் துறைமுகத்துக்குப் போன பழைய வழியும் ஏறக்குறைய இதுதான். இந்த வழியோரத்து மண்ணில் ரோமானியக் காசுகள் கிடைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. பழநிக்குப் பக்கத்துக் கலையம்புத்தூரில் 1856 இல் பொற்காசுகள். உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842 இல் ஒருமுறை ஐந்நூறுக்கும் மேல், பிறகு 1891 இலும் 1931 இலும் மறுபடியும்.

திண்டுக்கல்லில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவன் நான். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'செவ்வியல் உலகம்' என்ற பாடம் வரும்போதெல்லாம், ரோமை வரைபடத்தில் தேடாமல் இந்தக் காசுகளில் தொடங்கத்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு குடியரசு எப்படி ஒரு குடும்பத்தின் சொத்தாக மாறியது என்பதை இவற்றைப்போலத் தெளிவாகச் சொல்லும் சான்று நம் நாட்டில் வேறு இல்லை என்று நம்புகிறேன்.

முதலில் ரோமின் தொடக்கம். ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்த இரட்டையரில் ஒருவனான ரோமுலஸ் கி.மு. 753 இல் நகரை நிறுவினான் என்பது அவர்களே சொல்லிக்கொண்ட கதை. மண்ணைத் தோண்டிப் பார்த்தால், டைபர் ஆற்றங்கரைக் குன்றுகளின் மேல் மண் குடிசைகளில் வாழ்ந்த ஆடுமாடு மேய்ப்பவர்களும் உழவர்களும்தான் தெரிகிறார்கள். ஏழு அரசர்கள் ஆண்டார்கள் என்பது மரபு. கடைசி அரசன் டார்குவினியஸ் கொடுங்கோலன். கி.மு. 509 இல் அவனை விரட்டினார்கள். இனி அரசனே வேண்டாம் என்று, ஆண்டுக்கு இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் முடிவை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்தால் இருவரும் இறங்கிவிட வேண்டும்.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிட்டுப் பொருந்தலுக்கு வந்துவிடுவேன். பழநிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009 இலும் 2010 இலும் அங்கே அகழாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் வைத்த ஜாடிக்குள் நெல் இருந்தது. கார்பன் ஆய்வு அதன் வயதைக் கி.மு. 490 அளவில் வைத்தது. அதே குழியின் புரிமனையில் தமிழ்ப் பிராமி எழுத்து. வாழ்விடப் பகுதியில் ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகளும், மணி செய்த உலையும். ரோமில் கடன்பட்ட ஏழைப் படைவீரர்கள், "எங்களுக்கு உரிமை கொடுக்காத ஊருக்காக ஏன் சண்டை போட வேண்டும்" என்று கி.மு. 494 இல் கூட்டமாக நகரைவிட்டு வெளியேறிக் குன்றில் போய் உட்கார்ந்தார்கள் என்று அவர்களின் மரபு சொல்கிறது. அதே தலைமுறையில் இங்கே ஒருவரின் குழியில் நெல்லை வைத்து மூடியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் கண் மாறும். ரோம் பழசு, நாம் புதுசு என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிடும்.

அந்த வெளிநடப்பு வென்றது. சாதாரண மக்களுக்கென்று டிரிப்யூன் என்ற பதவி பிறந்தது. டிரிப்யூன் மேல் யாரும் கைவைக்கக் கூடாது. ஏழையின் மேல் அதிகாரி பாய்ந்தால் குறுக்கே நின்று "தடுக்கிறேன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அடுத்து கி.மு. 451–450 இல் பன்னிரண்டு பலகைகளில் சட்டத்தை எழுதிச் சந்தைவெளியில் எல்லோரும் பார்க்க வைத்தார்கள். அதுவரை சட்டம் உயர்குடிப் பூசாரிகளின் வாயில் இருந்தது. ரோம் உலகுக்குக் கொடுத்தவற்றில் எனக்கு மிகவும் மதிப்பான இரண்டு இவைதாம். அவர்களின் போர்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். இத்தாலி முழுதும், பிறகு கார்த்தேஜ், கிரேக்கம், ஸ்பெயின் என்று இருநூறு ஆண்டுகளில் எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன.

வென்றது குடியரசை விழுங்கியது. ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் போரிட்ட சிறு உழவன் வீடு திரும்பினால் நிலம் கடனில் போயிருக்கும். போரில் பிடித்த அடிமைகளை வைத்துப் பெரும் பண்ணைகள் நடந்தன. கி.மு. 133 இல் டைபீரியஸ் கிராக்கஸ் என்ற டிரிப்யூன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை நிலமற்றோருக்குப் பிரித்துக்கொடுக்க வேண்டும். நம் கணக்கில் அது சுமார் 310 ஏக்கர். நில உச்சவரம்பு என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். தமிழகச் சட்டம் 1961 இல் முப்பது தர ஏக்கர் என்று வைத்ததையும், 1970 இல் அது பதினைந்தாகக் குறைந்ததையும் தாத்தாக்கள் வாயிலாகக் கேட்டவர்கள் அவர்கள்.

கிராக்கஸை, உயர்குடிச் சபையான செனட்டின் உறுப்பினர்களே பெஞ்சுகளை உடைத்து அந்தக் கட்டைகளால் அடித்துக் கொன்றார்கள். உடன் செத்தவர் சுமார் முந்நூறு பேர். உடல்களை டைபர் ஆற்றில் வீசினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அவர் தம்பி கையஸுக்கும் அதே கதி. டிரிப்யூன் மேல் கை விழாது என்ற நம்பிக்கை அன்றே செத்தது. நிலமற்ற வீரர்களுக்கு இனி நிலம் தரப்போவது அரசு அல்ல, தளபதிதான் என்றாகிவிட்டது. வீரர்களின் விசுவாசமும் தளபதிக்கே போனது. கி.மு. 88 இல் சுல்லா என்ற தளபதி தன் படையோடு ரோமுக்குள்ளேயே நுழைந்தார். பிறகு கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் மாட்டினார். சட்டத்தைப் பலகையில் எழுதி வைத்த ஊர், கொலைப் பட்டியலை எழுதி வைத்தது.

இனித்தான் காசு பேச ஆரம்பிக்கிறது. குடியரசுக் காலத்து வெள்ளிக் காசுகளில் ரோமா தேவியின் தலை இருக்கும், குதிரைத் தேர் இருக்கும், செத்துப்போன முன்னோர் இருப்பார்கள். உயிரோடிருக்கும் மனிதனின் முகத்தை ரோமின் நாணயச்சாலை அச்சடித்ததில்லை. கி.மு. 44 இன் தொடக்கத்தில் அது நடந்தது. முகம் ஜூலியஸ் சீசருடையது. வாழ்நாள் சர்வாதிகாரி என்ற பட்டமும் அதில் ஏறியது. மார்ச் 15 இல் அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் முதன்மையான புரூட்டஸ் கொஞ்ச நாளில் தன் முகத்தையே காசில் போட்டுக்கொண்டார் என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நோய், மருத்துவரையும் பிடித்துவிட்டது.

சீசரின் தத்துப்பிள்ளை ஆக்டேவியன் கி.மு. 31 இல் ஆக்டியம் கடற்போரில் ரோமானியத் தளபதி ஆன்டனியையும் எகிப்து அரசி கிளியோபாத்ராவையும் தோற்கடித்தார். மறு ஆண்டு எகிப்து அவர் கைக்கு வந்தது. நம் கதைக்கு இதுவே திருப்பம். செங்கடல் துறைமுகங்கள் ரோமின் துறைமுகங்களாயின. முன்பு இருபது கப்பல்கூடத் துணிந்து போகாத இடத்தில், இப்போது மியோஸ் ஹார்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போகின்றன என்று அக்காலத்துப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். பருவக்காற்றில் வந்து முசிறியில் மிளகு ஏற்றிப் பொன்னை இறக்கிய யவனர் கலங்களை அகநானூறு பாடியிருக்கிறது.

கி.மு. 27 இல் ஆக்டேவியன் அகஸ்டஸ் ஆனார். அவர் தன்னை அரசன் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. கான்சல்கள் இருந்தார்கள், செனட் கூடியது, தேர்தல் நடந்தது. படையும், எகிப்தும், டிரிப்யூனின் அதிகாரமும் மட்டும் அவரிடம் இருந்தன. குடியரசை செனட்டுக்கும் மக்களுக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்தார். அங்காராவில் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பெயரை விட்டுவைத்துவிட்டு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளும் இந்த வித்தை திண்டுக்கல்லுக்கு அந்நியம் அல்ல. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1801 இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டது. 'நவாப்' என்ற பட்டத்தை மட்டும் 1855 வரை விட்டுவைத்தது.

அதே அங்காராக் கல்வெட்டில் அகஸ்டஸ் இன்னொன்றையும் பெருமையாகச் சொல்கிறார். இந்திய மன்னர்களின் தூதர்கள் தன்னிடம் அடிக்கடி வந்தார்கள், வேறெந்த ரோமானியத் தலைவனும் இதற்கு முன் அவர்களைக் கண்டதில்லை என்று. தூது அனுப்பியவர் பாண்டியன் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார், வேறு சிலர் போரஸ் என்கிறார்கள் என்பதையும் சேர்த்தே. முத்தும் மிளகும் விற்க வழி பார்த்திருப்பான் அனுப்பியவன். பெற்றவருக்கோ அது உலகமே தன்னைத் தலைவனாக ஏற்றதற்குச் சாட்சி ஆயிற்று.

கொங்குப் புதையல்களில் திரும்பத் திரும்ப வரும் அகஸ்டஸ் காசு ஒன்று. எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் மாலை சூடிய அவர் தலை, 'தந்தைநாட்டின் தந்தை' என்ற பட்டம். மறுபக்கம் கேடயமும் ஈட்டியும் நடுவில் இருக்க இரண்டு பையன்கள். மகள் ஜூலியா வயிற்றுப் பேரன்கள் கையஸும் லூசியஸும். அவர்களைத் தத்து எடுத்து, வயது வரும் முன்பே வருங்காலக் கான்சல்கள் என்று காசில் அச்சடித்துவிட்டார். தேர்தல் இன்னும் நடந்துகொண்டிருந்த நாட்டில்! குடியரசு இருக்கிறது என்று வாயால் சொன்ன மனிதர், வாரிசு யார் என்பதை வெள்ளியில் சொன்னார். லூசியஸ் கி.பி. 2 இலும் கையஸ் கி.பி. 4 இலும் செத்துப்போனார்கள். காசு மட்டும் கடல் தாண்டி உடுமலை வரை வந்து சேர்ந்தது.

அடுத்தது அகஸ்டஸுக்குப் பின் பேரரசரான டைபீரியஸின் காசு. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் அவர் தாய் லிவியா என்று கருதப்படும் பெண் அமர்ந்திருப்பாள். இயேசுவிடம் காட்டிய வரிக்காசு இதுதான் என்று ஒரு மரபு உண்டு. எங்கள் ஊர்க் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டாமல் பார்ப்பார்கள். டைபீரியஸ் பட்டத்துக்கு வந்த கி.பி. 14 இலேயே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமிருந்து செனட்டுக்குப் போனது. மக்கள் முணுமுணுத்ததோடு சரி என்று எழுதுகிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். இதே டைபீரியஸ் கி.பி. 22 இல் செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நம் பெண்களின் மணிக்கற்களுக்காக நம் பணம் அயல்நாடுகளுக்குப் போகிறது என்று வருந்தினார். காங்கேயம் பக்கம் படியூரின் நீலப்பச்சைக் கல்லும், கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் ரோமின் செனட்டில் அரசியலாயின. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் ரோமானிய நாணயத்தை இந்தியா இழுத்துக்கொள்கிறது என்று பின்னாளில் ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்கு எழுதினார்.

ஆனால் அரசு நட்டப்படவில்லை. வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் சுவடியில் ஹெர்மப்போலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. மதிப்பு சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ். எகிப்தில் இறக்கும்போது நாலில் ஒரு பங்கு வரி. வாங்கியவர்களின் பணம் இங்கே வந்தது, பேரரசின் கஜானாவுக்கோ ஒவ்வொரு மிளகு மூட்டையும் கால் பங்கு கட்டியது.

கி.பி. 64 இல் பேரரசர் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார். நம் வணிகர்கள் ஏமாறவில்லை. நமக்குக் கிடைக்கும் வெள்ளியில் மிகப் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துப் பழைய நல்ல காசுதான். புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898 இல் கிடைத்த 501 பொற்காசுகள் அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை வருகின்றன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு. இனி இது காசு அல்ல, வெறும் பொன் என்பதற்கான அடையாளம் அது என்று நாணய ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எந்த முகத்தைக் காசில் ஏற்ற ஐந்நூறு ஆண்டுக் குடியரசு அழிந்ததோ, அந்த முகத்துக்கு இங்கே மரியாதை இல்லை. தராசில் வைத்தால் எத்தனை எடை என்பதே கேள்வி.

பொருந்தல் ஆற்றுத் தண்ணீர் சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து கரூருக்குப் போகிறது. கரூரில் அந்த ஆற்று மணலில் நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்தன. தியோடோசியஸ், அர்க்காடியஸ், ஹொனோரியஸ் என்று பேரரசு இரண்டாகப் பிளந்த காலத்தவை. ஹொனோரியஸ் பட்டத்துக்கு வந்தபோது பத்து வயதுச் சிறுவன். மேற்கின் கடைசிப் பேரரசனும் சிறுவன்தான், கி.பி. 476 இல் இறக்கப்பட்டான். வாரிசுச் சிறுவர்களை அகஸ்டஸ் காசில் ஏற்றியதன் நேர்விளைவு இது என்பது என் கருத்து. தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை ஒழித்த நாட்டுக்குப் பிறப்பைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. பிறப்பு பொய்த்தால் படை தீர்மானித்தது.

பழைய புதையல்களில் எவ்வளவோ உருக்கப்பட்டுவிட்டன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருப்பவை தப்பியவை. ஆகவே ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, கீரனூர்ப் பக்கம் உழுகிறவர்களிடமும் கிணறு வெட்டுகிறவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பழங்காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பானையோடு கிடைத்தால் பானையையும் சேர்த்து வையுங்கள், காசுகளைப் பிரித்துப் பங்கு போடாதீர்கள். எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதை வைத்துத்தான் அது எப்போது புதைக்கப்பட்டது என்று சொல்ல முடியும்.