சூரிய மின்தகடு உற்பத்தியின் சுமை: ஒரகடமும் பிள்ளைப்பாக்கமும்

ஏரிப்பாசன ஊர்கள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி, 1990களின் இறுதியில் மகிழுந்து ஆலைகளாலும் 2006 முதல் கைப்பேசி உற்பத்தியாலும் உருமாறியது. அவ்வரிசையில் அடுத்து வந்தது சூரிய மின்தகடு.

2021இல் ஒரகடத்தில் தொடங்கப்பட்ட விக்ரம் சோலார் ஆலை, சிலிக்கான் மின்கலங்களை இணைத்துத் தகடாக்குகிறது. இத்தொழிலில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்கும் முற்கட்டங்களான பாலிசிலிக்கான் உற்பத்தியும் சில்லு தயாரிப்பும் உலக அளவில் பெரும்பாலும் சீனாவிலேயே, நிலக்கரி மின்சாரத்தைப் பெரிதும் சார்ந்து நிகழ்கின்றன. கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டை முன்வைத்து, சின்சியாங் பகுதிப் பொருள்களின் இறக்குமதியை அமெரிக்கா 2022இல் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், இறக்குமதித் தகடுகளுக்கு 40 விழுக்காடு சுங்கவரியை இந்தியா நடைமுறைப்படுத்தியது.

2024இல் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலை, சிலிக்கானுக்கு மாற்றாகக் காட்மியம் டெலுரைடைப் பயன்படுத்துகிறது. சீனச் சார்பு இதனால் குறைகிறது. ஆனால் நச்சு உலோகமான காட்மியத்தைக் கையாளும் பொறுப்பு உள்ளூருக்கு வந்துசேர்கிறது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளோ, தகட்டுக் கழிவை 2034–35 வரை சேமித்துவைக்கப் பணிக்கின்றன.

எனவே தற்சார்பு, உற்பத்தியின் சுமையை நீக்கவில்லை. தொலைவிலிருந்து அருகிலும், நிகழ்காலத்திலிருந்து எதிர்காலத்திற்கும் அதை நகர்த்தியுள்ளது.