ஒரே கைப்பேசி, பல நாடுகள்: ரோமிங் சேவையின் வரலாறு

வெளிநாட்டு விமான நிலையத்தில் இறங்கியதும் கைப்பேசி தானாகவே அந்நாட்டு வலையமைப்பின் பெயரைக் காட்டுகிறது. ஊரிலிருந்து வரும் அழைப்பும் பழைய எண்ணிலேயே வந்து சேர்கிறது. ரோமிங் எனப்படும் இந்த வசதி கைப்பேசியுடன் கூடவே பிறந்ததன்று. கருவிகளின் முன்னேற்றத்தைவிட, நாடுகளும் நிறுவனங்களும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளே இதற்கு முதற்காரணம் எனலாம்.

எல்லையில் ஊமையான தொலைபேசிகள்

1980களில் மேற்கு ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு கைப்பேசி முறை இருந்தது. பிரிட்டனில் டாக்ஸ், மேற்கு ஜெர்மனியில் சி-நெட்ஸ், பிரான்சில் ரேடியோகாம் 2000 என ஒவ்வொன்றும் தனி வழி. ஒன்றிற்குச் செய்த கருவி மற்றொன்றில் இயங்காது. அக்காலக் கருவிகள் பெரும்பாலும் கார்களில் பொருத்தப்பட்டவை. அத்தகைய காரில் ஒருவர் ரைன் ஆற்றைக் கடந்து பிரான்சுக்குள் நுழைந்தால், அவரது தொலைபேசி வெறும் பெட்டிதான்.

வட ஐரோப்பா மட்டும் விதிவிலக்கு. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் தொலைபேசித் துறைகள் சேர்ந்து வடிவமைத்த என்.எம்.டி. என்னும் முறை 1981 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரே கருவியை நான்கு நாடுகளிலும் பயன்படுத்த முடிந்தது. அண்டை நாடுகள் முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டால் எல்லை ஒரு தடையாகாது என்பதற்கு இதுவே முதல் சான்று.

1982இல் ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பு, கண்டம் முழுவதற்கும் பொதுவான முறையை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளே ஜி.எஸ்.எம். (பின்னாளில் இதே எழுத்துகளுக்கு 'உலகளாவிய' என்ற பொருள் தரும் ஆங்கில விரிவு பொருத்தப்பட்டது.) 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்புகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. கருவிகள் சந்தைக்கு வருமுன்பே செய்யப்பட்ட உடன்படிக்கை என்பது கவனிக்கத்தக்கது.

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி, ரேடியோலிஞ்சா வலையமைப்பின் வழியாகத் தம்பெரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோவை அழைத்துப் பேசினார். ஜி.எஸ்.எம். வரலாற்றில் இது முதல் அழைப்பாகக் குறிக்கப்படுகிறது. மறு ஆண்டே, 1992இல், டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடபோனும் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன.

சிம் அட்டை செய்த வேலை

சந்தாதாரரின் அடையாளத்தைக் கருவியிலிருந்து பிரித்துச் சிறு அட்டைக்குள் வைத்ததே ஜி.எஸ்.எம். முறையின் அடிப்படைக் கருத்து. நாம் பிறருக்குச் சொல்லும் எண் வேறு, அட்டைக்குள் இருக்கும் எண் வேறு. அட்டை எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும். பின்லாந்துக்கு 244, இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405.

சென்னைவாசி ஒருவர் இலண்டனில் கைப்பேசியை இயக்குவதாகக் கொள்வோம். அங்குள்ள வலையமைப்பு 404 என்பதைக் கண்டதும் இவர் விருந்தாளி என்று அறிகிறது. உடனே அவருடைய சொந்த நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கிறது. அந்நிறுவனம் அவரை உறுதிசெய்து, 'இப்போது இலண்டனில் இருக்கிறார்' என்று குறித்துக்கொள்கிறது. மதுரையிலிருந்து நண்பர் அழைத்தால், அழைப்பு முதலில் இந்தியாவிலுள்ள அந்நிறுவனத்துக்கே போகும். அங்கிருந்து இலண்டனுக்குத் திருப்பப்படும். நண்பருக்கு உள்நாட்டுக் கட்டணம் மட்டுமே. கடல் கடக்கும் செலவு பயணியின் தலையில் விழும். அழைப்பை ஏற்பதற்கும் பயணி பணம் கட்ட நேர்ந்தது இதனால்தான். இலண்டனில் அதே விடுதியின் அடுத்த அறையில் இருப்பவர் அழைத்தாலும் அழைப்பு இந்தியா சென்றே திரும்பும். போய்த் திரும்பும் இந்தப் பாதையை, நீண்டு சுருங்கும் டிராம்போன் என்னும் ஊதுகருவியோடு ஒப்பிட்டு, பொறியாளர்கள் 'டிராம்போனிங்' என்றே அழைத்தனர்.

இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு, தில்லியிலிருந்த சுக்ராமை அழைத்துக் கைப்பேசிச் சேவையைத் தொடங்கிவைத்தார். இங்கும் ஜி.எஸ்.எம். முறையே ஏற்கப்பட்டதால் இந்தியப் பயணிகளுக்கு ஐரோப்பா எளிதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், சென்னை தனித் தொலைத்தொடர்பு வட்டமாக இருந்த காலத்தில், சென்னைக்காரர் மதுரைக்குப் போனாலே ரோமிங்தான்.

ஆயினும் உலகம் முழுவதும் ஒன்றாகிவிடவில்லை. அமெரிக்காவில் ஜி.எஸ்.எம். சேவை 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் 900, 1800. மூன்றிலும் இயங்கும் மோட்டோரோலா டைம்போர்ட் கைப்பேசி 1999இல் வந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் முற்றிலும் வேறு முறைகளைக் கைக்கொண்டிருந்தன. எனவே நரிதா விமான நிலையத்தில் இறங்கியவர்கள் வாடகைக்குக் கைப்பேசி எடுப்பது வழக்கமாயிற்று. மூன்றாம் தலைமுறைச் சேவை பரவிய பிறகே அந்தத் தடை நீங்கத் தொடங்கியது.

கட்டணம் என்னும் எல்லை

தொழில்நுட்பத் தடை நீங்கிய பின்னும் கட்டணத் தடை நின்றது. நிறுவனங்கள் தமக்குள் பேசி வைத்த மொத்த விலையைப் பயணி அறிய வழியில்லை. ஊர் திரும்பியபின் வரும் பில்தான் சொல்லும். போட்டியால் விலை குறையும் என்ற எதிர்பார்ப்பு இங்கே பலிக்கவில்லை. எனவே ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தைக் கையிலெடுத்தது. 2007இல், வரி நீங்கலாக, வெளிச்செல்லும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சென்ட், உள்வரும் அழைப்புக்கு 24 சென்ட் என உச்சவரம்பு விதித்தது. 2012இல் இணையத் தரவுக்கு ஒரு மெகாபைட்டுக்கு 70 சென்ட் என்ற வரம்பு வந்தது. 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கான கூடுதல் கட்டணமே பொதுவாக நீக்கப்பட்டது. முதல் ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் 25 ஆண்டுகள். ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிரிட்டனில் சில நிறுவனங்கள் பின்னர் அக்கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தன.

இந்தியப் பயணிக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. அவர் சென்ற நாட்டில் ஒரு சிம் அல்லது இ-சிம் வாங்கி இணையத்துக்கு வைத்துக்கொள்கிறார். ஆனாலும் ஊர்ச் சிம்மை அணைக்க முடிவதில்லை. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். இரட்டைச் சிம் கைப்பேசி இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது.

பழைய வலையமைப்புகள் மூடப்படுவது இப்போது புதிய சிக்கல். சிங்கப்பூரில் 2017 ஏப்ரல் 1 முதல் இரண்டாம் தலைமுறைச் சேவை இல்லை. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூன்றாம் தலைமுறையும் நிறுத்தப்பட்டது. அங்கெல்லாம் பேச நான்காம் தலைமுறையின் வோல்டே வழி வேண்டும். கைப்பேசியில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது. பயணியின் ஊர் நிறுவனமும் அந்நாட்டு நிறுவனமும் அதற்கெனத் தனியாக ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும்.