துடுப்புக்காலிகளும் கடலின் பருவக் கணக்கும்

கடலில் மிதந்து திரியும் பிளாந்தன் விலங்குகளுள் எண்ணிக்கையால் மேலோங்கி நிற்பவை துடுப்புக்காலிகள் எனப்படும் சிறு கிறஸ்தேசியாக்களாகும். நுண்பாசிகளை உண்ணும் இவை சாளை முதலிய மீன்களுக்கு உணவாகின்றன. எனவே, இவை எப்பருவத்திற் பெருகி எப்பருவத்தில் அருகுகின்றன என்னும் வினா கடற்றொழிலோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு, பட்டியலிடுதலினின்று எண்ணுதலுக்கும், ஒருமுறை எண்ணுதலினின்று மீள மீள எண்ணுதலுக்கும் விஞ்ஞானம் நகர்ந்த வரலாறாகும்.

'பிளாந்தன்' என்ற சொல்லை 1887இல் அறிமுகஞ் செய்தவர் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் விக்ரர் ஹென்சன் ஆவார். நுண்ணிய பட்டு வலையால் நீரை வடித்து, அகப்பட்டவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணும் முறையை அவர் வகுத்தார். 1889இல் அத்திலாந்திக்கிற் சென்ற ஆய்வுப் பயணமும் அவர் தலைமையிலேயே நிகழ்ந்தது. பரந்த கடலில் இவ்வுயிர்கள் ஏறத்தாழச் சமமாகப் பரந்துள்ளன என்பது அவரது எடுகோள். அதனை ஏர்ணஸ்ட் ஹெக்கல் 1890இற் கடுமையாக மறுத்தார்.

இலங்கையில் 1891இன் பின்னர் முத்துக்குளிப்பு நடைபெறாதிருந்தது. அதன் காரணத்தை ஆராய, இலிவர்ப்பூற் பேராசிரியர் ஹேட்மன் 1902இன் தொடக்கத்தில் இங்கு வந்தார். அவர் சேகரித்த துடுப்புக்காலிகளைத் தொம்சன், ஸ்கொட் ஆகியோர் ஆராய்ந்து 1903இல் அறிக்கை வெளியிட்டனர். அது பெறுமதி வாய்ந்த பட்டியலே. எனினும், ஒரு பயணத்தின் சில மாதங்களிற் பெற்ற சேகரிப்பு, எவ்வினங்கள் உள்ளன என்பதை உணர்த்துமேயன்றி, எப்போது பெருகுகின்றன என்பதை உணர்த்தாது.

அக்குறையை நீக்கும் வழியை ஹேட்மனே வேறொரு கடலிற் காட்டினார். 1907 முதல் மான் தீவின் போட் எரின் அருகே, ஆண்டுதோறும் அவர் பிளாந்தன்களைச் சேகரித்து வந்தார். இளவேனிலில் தயற்றங்கள் பெருகுவதும், கோடையிலே துடுப்புக்காலிகள் மிகுவதும் அதனாற் புலனாயின. அடுத்தடுத்து வீசிய வலைகளிலும் எண்ணிக்கை பெரிதும் வேறுபடக்கூடும் என்பதும் தெளிவாயிற்று. ஹெக்கலின் ஐயம் இவ்வகையில் வலுப்பெற்றது. ஆயினும், அதற்குப் பரிகாரம் எண்ணுதலைக் கைவிடுதலன்று, மேலும் எண்ணுதலே.

குளிர்கடலின் நாட்காட்டியை மன்னார்க் குடாவுக்குப் பொருத்துதல் இயலாது. இங்கு பருவங்களை வகுப்பன இரு பருவக்காற்றுகள். மண்டபத்தில் இந்தியக் கடல் மீன்பிடி ஆய்வுநிலையம் அமைந்தபின், அதனையண்டிய கரையோர நிலையமொன்றின் பிளாந்தன் இயல்புகளை இரகு பிரசாத் 1954இல் வெளியிட்டார். ஹேட்மன் வலை வீசிய குடாவுக்கு, அரை நூற்றாண்டின் பின்னரே தொடர் அவதானம் வாய்த்தது. ஒரு மாத வலையில் அகப்படாத உயிர் அக்கடலில் இல்லாத உயிரன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.