ஜாவா அரண்மனையும் பெரிய பள்ளிவாசலும்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 1755-ஆம் ஆண்டு மாத்தராம் அரசு இரண்டாகப் பிரிந்தபோது உருவான ஜோக்ஜகர்த்தா அரண்மனையில் இன்றும் சுல்தான் வாழ்கிறார். அதன் வடக்குத் திடலின் மேற்கே 1773-இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் நிற்கிறது.

ரபீஉல் அவ்வல் பிறந்தால் அரண்மனையின் வெண்கல இசைக்கருவிகள் பள்ளியின் முற்றத்தில் ஒலிக்கும். பிறை 12-இல் மலைபோல் குவித்த உணவுப்பொருள்கள் மக்களுக்கு வழங்கப்பெறும். 'செகாத்தேன்' எனும் இவ்விழாவின் பெயர் 'ஷஹாததைன்' என்பதன் திரிபு என்பர். இசை கேட்க வந்தோர் கலிமா மொழிந்து தீனில் இணைந்தனர் என்பது அங்குள்ள மரபுச் செய்தி.

இப்பள்ளியின் கதீபாக இருந்தவரே அஹ்மத் தஹ்லான். கிப்லா திசையைத் திருத்த முயன்றமையால் அவருடைய தொழுகைக்கூடம் இடிக்கப்பட்டது. ஆயினும் அவர் தம் மக்களை விட்டு விலகவில்லை. 1912-இல் அவ்வூரிலேயே 'முஹம்மதிய்யா' இயக்கத்தைத் தோற்றுவித்தார். இன்று அது நாடெங்கும் கல்விக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறது.

வழக்கமும் சீர்திருத்தமும் ஒரே மஹல்லாவில் வாழ இடமுண்டு. பொறுமைதான் வேண்டும் என்பதே அம்முற்றம் நமக்குத் தரும் பாடமாகும்.