நகரி வானில் தோன்றும் அரிய ஒளிகள்

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள நகரியிலும் அண்டையிலுள்ள புத்தூர், திருத்தணி வட்டாரங்களிலும் இரவு வானில் வழக்கத்துக்கு மாறான வெளிச்சம் தெரிந்தால், முதலில் கவனிக்க வேண்டியது அது எந்தத் திசையில் எழுந்தது என்பதை. வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ. தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 அங்கிருந்து கிளம்பியது முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன.

பூமியின் வளைவு காரணமாக, ராக்கெட் சுமார் அரை கிலோமீட்டர் உயரம் ஏறிய பிறகே நகரிக்குத் தெரியும். குன்றுகள் குறுக்கிட்டால் இன்னும் தாமதமாகும். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60 போன்ற ராக்கெட்டுகளில், திட எரிபொருள் எரியும் முதல் கட்டம் ஆரஞ்சு நிறச் சுடராக மேலேறி வலப்பக்கம் சாயும். இரண்டு நிமிடத்துக்குள் அது எரிந்து தீர்ந்ததும் வெளிச்சம் சட்டென்று மங்கி, திரவ எரிபொருளில் இயங்கும் இரண்டாம் கட்டம் சிறு புள்ளியாகத் தொடரும். வெடித்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. இத்தனை தொலைவுக்கு முழக்கம் எட்டினால், அதற்கு நான்கு நிமிடம் பிடிக்கும்.

விடியலுக்குச் சற்று முன் ஏவினால் காட்சியே வேறு. பி.எஸ்.எல்.வி.-சி52, 2022 பிப்ரவரி 14 காலை 5:59க்கு, சூரியன் உதிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் இருந்தபோது ஏவப்பட்டது. அவ்வேளையில் தரையில் இருட்டு; சுமார் 60 கி.மீ. உயரத்துக்கு மேல் வெயில். அங்கே காற்று மிக அடர்த்தி குறைந்திருப்பதால் ராக்கெட்டின் புகை பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, வெயில் பட்டு வெண்ணீலமாக ஒளிரும். அதே ஆண்டு டிசம்பர் 15 மாலை அக்னி-5 ஏவுகணைச் சோதனையின்போது மேற்கு வங்க மக்களை வியக்கவைத்ததும் இத்தகைய ஒளியே. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், மேல்வளிமண்டலக் காற்றை அறிவதற்காகவே அந்திவானில் சோடியம் ஆவியை ஒளிரவிட்டது.

ராக்கெட் ஏவப்படாத இரவுகளில் வேகமே அடையாளம். எரிகல் ஓரிரு நொடிகளில் மறைந்துவிடும். வளிமண்டலத்தில் எரிந்து விழும் விண்குப்பை, 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தில் தெரிந்த சீன ராக்கெட் பாகத்தைப் போல, துண்டு துண்டாக மெல்ல வானைக் கடக்கும். கோத்த மணிகளாக வரிசையில் செல்பவை, 2019 மே மாதம் முதல் தொகுதி தொகுதியாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். தரையிலிருந்து எழும் ஒளியும் உண்டு: திருப்பதிக்குத் தென்மேற்கேயுள்ள காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இரவு வானை நோக்கிப் பச்சை லேசர் கதிரைச் செலுத்தி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு மேல்வளிமண்டலத்தின் வெப்பநிலையை அளக்கிறது.