சுதந்திரம் தேடிப் போனவர்களே மற்றவர்களைத் தூக்கிலிட்டது ஏன்? அமெரிக்காவின் பில்கிரிம்கள், பியூரிட்டன்கள் யார்?

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் 'தேங்க்ஸ்கிவிங்' கொண்டாடுவதை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். வான்கோழி விருந்தோடு ஒரு கதையும் சொல்வார்கள்: இங்கிலாந்தில் மத ஒடுக்குமுறைக்கு ஆளானவர்கள், சுதந்திரம் தேடிக் கப்பலேறி வந்து உருவாக்கிய நாடு இது.

கதை பொய்யில்லை, ஆனா பாதிதான். அப்படி வந்தவர்களின் அரசு, சுமார் 30 ஆண்டுகளில், வேறு நம்பிக்கை கொண்ட நான்கு பேரை பாஸ்டனில் தூக்கிலிட்டது. இது எப்படி நடந்தது?

பில்கிரிம், பியூரிட்டன்: இரண்டும் ஒன்றா?

இல்லை. 1534-ல் மன்னர் எட்டாம் ஹென்றி, போப்பின் அதிகாரத்தை உதறிவிட்டு இங்கிலாந்து திருச்சபைக்குத் தானே தலைவர் ஆனார். ஆனால் ஆயர்கள், சடங்குகள், அங்கிகள் எனப் பழைய கத்தோலிக்க வழக்கங்கள் பல தொடர்ந்தன.

சபைக்குள் இருந்துகொண்டே இதையெல்லாம் களைய நினைத்தவர்கள் பியூரிட்டன்கள். 'இதைத் திருத்த முடியாது, வெளியேறுவோம்' என்றவர்கள் பிரிவினையாளர்கள். பில்கிரிம்கள் என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர்கள் இந்த இரண்டாவது வகை. மன்னரே சபையின் தலைவர் என்பதால், சபையை விட்டு விலகுவது அரசையே எதிர்ப்பதாகப் பார்க்கப்பட்டது. அபராதம், சிறை என நெருக்கடி வந்தது.

ஹாலந்தில் சுதந்திரம் இருந்ததே, ஏன் கிளம்பினார்கள்?

பலருக்குத் தெரியாத பகுதி இது. நாட்டிங்ஹாம்ஷயரின் ஸ்க்ரூபி என்ற ஊரைச் சேர்ந்த இந்தக் குழு, முதலில் போனது அமெரிக்காவுக்கு அல்ல, ஹாலந்துக்கு. அங்கே லைடன் நகரில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். வழிபாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் உழைப்பு கடுமையாக இருந்தது, கையில் காசு நிற்கவில்லை. பிள்ளைகள் டச்சுக்காரர்களாகவே மாறிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. அதாவது, அவர்கள் தேடியது வழிபடும் உரிமையை மட்டும் அல்ல. தங்கள் நம்பிக்கைப்படியே இயங்கும் ஒரு சமூகத்தை.

1620 செப்டம்பரில் 102 பயணிகளுடன் 'மேஃப்ளவர்' கப்பல் புறப்பட்டது. இதில் லைடன் சபையினர் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் பிழைப்பு தேடி வந்தவர்கள். நவம்பரில் கேப் காட் பகுதியில் நங்கூரமிட்டபோது, எல்லோரும் ஒரே ஆட்சிக்குக் கட்டுப்படுவதாக 41 ஆண்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் பிழைத்தது அங்கிருந்த வாம்பனோக் பழங்குடியினரின் உதவியால்தான். 1621-ல் அவர்களின் தலைவர் மசசாய்ட் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டார். டிஸ்குவாண்டம் என்பவர் மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆண்டு அறுவடை விருந்துதான் இன்றைய தேங்க்ஸ்கிவிங் கதையின் மூலம்.

பாஸ்டனில் என்ன நடந்தது?

பெரிய அலை வந்தது 1630-ல். ஜான் விந்த்ராப் தலைமையில் பியூரிட்டன்கள் வந்து மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தை அமைத்தனர். அடுத்த பத்து ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் வந்து சேர்ந்தார்கள்.

தாங்கள் ஒரு சமூகமாகக் கடவுளோடு உடன்படிக்கை செய்திருக்கிறோம் என்று இவர்கள் நம்பினார்கள். ஒருவர் வழிதவறினாலும் தண்டனை ஊருக்கே வரும் என்பது இதன் பொருள். அப்போ, அடுத்தவரின் நம்பிக்கை அவருடைய சொந்த விஷயமாக எப்படி இருக்க முடியும்?

சட்டங்களும் அதன்படியே வந்தன. 1631 முதல் சபை உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை. 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அந்தப் பண்டிகைக்கு பைபிளில் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம்.

போதகர்களைக் கேள்வி கேட்ட ஆன் ஹட்சின்சன் 1638-ல் வெளியேற்றப்பட்டார். அவருடைய ஆதரவாளராக இருந்த மேரி டயர், பின்னர் குவேக்கர் ஆனார். போதகர்கள் துணையின்றி ஒவ்வொருவரும் கடவுளை நேரடியாக உணரலாம் என்பவர்கள் குவேக்கர்கள். நாடு கடத்தப்பட்ட பிறகும் திரும்பித் திரும்பி பாஸ்டனுக்கே வந்த மேரி டயர், 1660 ஜூன் 1 அன்று தூக்கிலிடப்பட்டார். 1659 முதல் 1661 வரை இப்படி உயிரிழந்த நான்கு குவேக்கர்களில் அவரும் ஒருவர். 1661-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் தலையிட்டு இதை நிறுத்தச் சொன்னார். எந்த இங்கிலாந்து மன்னராட்சிக்குப் பயந்து ஓடிவந்தார்களோ, அதே மன்னராட்சி!

அப்படியானால் மத சுதந்திரம் எங்கிருந்து வந்தது?

துரத்தப்பட்டவர்களிடமிருந்து. அரசுக்கு ஒருவரின் மனசாட்சியில் வேலை இல்லை என்று வாதிட்ட போதகர் ரோஜர் வில்லியம்ஸ். பழங்குடியினரின் நிலத்தை எடுத்துக் கொடுக்க இங்கிலாந்து மன்னருக்கு உரிமை இல்லை என்றும் அவர் சொன்னார். 1635-ல் அவரை வெளியேற்ற உத்தரவிட்டார்கள். மறு ஆண்டு, நாரகன்செட் பழங்குடியினரிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். அங்கிருந்து வளர்ந்த ரோட் ஐலண்டுக்கு 1663-ல் கிடைத்த அரச சாசனம் மத சுதந்திரத்தை உறுதி செய்தது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற விதி, 1791-ல் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமாக வந்தது.

ஆனால் உதவிய வாம்பனோக் மக்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. குடியேறிகள் நிலத்தைப் பிடித்துக்கொண்டே போக, 1675-ல் போர் மூண்டது. அதை வழிநடத்திய மெட்டாகோம் வேறு யாருமல்ல, மசசாய்ட்டின் மகன். 1676-ல் அவர் கொல்லப்பட்டார். பிடிபட்ட பழங்குடியினர் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

இன்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் அரசு மாளிகைக்கு வெளியே மேரி டயரின் சிலை இருக்கிறது. அதே வளாகத்தில் ஆன் ஹட்சின்சனுக்கும் ஒரு சிலை உண்டு.