சென்னை மாகாணத்தில் பெண்கல்வியும் பெண்கள் வாக்குரிமையும்

பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் பெண்களின் வாக்குரிமைக்கு இருந்த தடையை முதலில் நீக்கியது சென்னை மாகாணம் (1921). அதற்கான முயற்சி 1917இல் அடையாற்றில் தொடங்கி நான்கே ஆண்டுகளில் பலன் தந்தது. பெண்கல்விக்கான முயற்சி அதைவிட இருநூறு ஆண்டு மூத்தது. பலனோ மிக மெதுவாகவே கிடைத்தது. பின்னாளில் இரண்டுக்கும் உழைத்தவர்களில் சிலர் ஒரே வட்டத்தினர் என்பதால் இங்கே சேர்த்தே கூறப்படுகின்றன.

தொடக்கக் காலப் பள்ளிகள்

தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த சீகன்பால்கு 1707இல் நடத்திய பெண்கள் பள்ளியே தமிழகத்தில் நவீன முறையிலான முதல் பெண்கள் பள்ளியாகக் கொள்ளப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளிகள் பெருகின. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு உறைவிடப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். எழுத்தோடு கைத்தொழிலும் வந்ததால், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. இங்கிலாந்தை விட்டு வராமலே இந்தப் பள்ளிகளுக்காக நிதி திரட்டிய சாரா டக்கரின் பெயரில் பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி 1895இல் உருவானது.

மேல்சாதி இந்துக் குடும்பங்கள் இப்பள்ளிகளை மதமாற்றத்தின் வாசலாகக் கண்டு ஒதுங்கின. அது மட்டும் காரணமன்று. பெண் வயதுக்கு வருமுன் கல்யாணம் முடித்துவிடும் வழக்கம் இருந்தவரை, படிப்பு ஓரிரண்டு வகுப்போடு நின்றது. 1901ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி மாகாணத்துப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவே.

மருத்துவக் கல்வி

ஆரம்பப் பள்ளியே அரிதாயிருந்த காலத்தில் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறந்தது வியப்புக்குரியது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டக் கூச்சப்பட்டும் திரைமறைவில் வாழும் கோஷா முறைக்குக் கட்டுப்பட்டும் பெண்கள் வீட்டிலேயே இறந்துபோனார்கள். பெண் மருத்துவர் தேவை என்பதைப் பழமைவாதிகளாலும் மறுக்க முடியவில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் பின்னர் இலண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, 1885இல் தொடங்கிய மருத்துவமனையே திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை.

முத்துலட்சுமியும் சுப்புலட்சுமியும்

1886இல் பிறந்த இருவர் இவ்வரலாற்றின் நடுநாயகமானவர்கள். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தந்தை நாராயணசாமி ஐயர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1904இல் மகாராஜா கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபோது, ஆண்கள் கல்லூரியில் பெண்ணா என்று ஒரு கூட்டமும், இன்னாருடைய மகளா என்று ஒரு கூட்டமும் எதிர்த்தன. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி இடம் கொடுத்தார். மூடிய வண்டியில் வந்து, மாணவர்களுக்கும் தனக்கும் நடுவே திரை மறைக்க உட்கார்ந்து பாடம் கேட்டார் முத்துலட்சுமி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார்.

சகோதரி சுப்புலட்சுமி பால்ய விதவை. மறுமணத்தைப் பற்றியோ மொட்டையடித்து மூலையில் உட்காருவதைப் பற்றியோ பேசாமல், தகப்பனார் அவரைப் படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார், மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே. 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். இளம் விதவைகளைச் சேர்த்து ஆசிரியைகளாக்குவது அவர் திட்டம். பெண்களுக்குப் பெண்களே பாடம் சொன்னால்தான் வீட்டார் அனுப்புவார்கள், ஆசிரியைகளுக்கோ பஞ்சம், வீட்டில் முடங்கிய விதவைகளோ ஏராளம். ஒரு குறையைக்கொண்டு மற்றொன்றைத் தீர்த்தது இந்த யோசனை. அவர்கள் தங்கிப் படித்த விடுதி இயங்கியது கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸில்; அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது, விடுதி வருமுன் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். அரசு உதவியுடன் நடந்த அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது என்பதையும் சொல்லவேண்டும்.

1914இல் சென்னை மகளிர் கல்லூரி (1917 முதல் ராணி மேரிக் கல்லூரி) டோரத்தி டி லா ஹே தலைமையில் தொடங்கியது. மறு ஆண்டே பெண்கள் கிறித்தவக் கல்லூரி வந்தது.

வாக்குரிமைக் கோரிக்கை

1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அன்னி பெசன்ட் தலைவர். உழைத்தவர்கள் மார்கரெட் கசின்ஸும் டோரத்தி ஜினராஜதாசாவும். கசின்ஸ் அயர்லாந்துக்காரர், அங்கே வாக்குரிமைப் போராட்டத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறை சென்றவர். இங்கே அவர் கையிலெடுத்தது மனுவும் ஊர்வலமற்ற தூதுக்குழுவும்தான். சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’ இதழ் 1918 முதல் ஆங்கிலத்தில், இந்திய மொழிப் பக்கங்களையும் சேர்த்து வெளிவந்தது.

இந்தியாவுக்கான அமைச்சர் மான்டேகு வரப்போகிறார் என்றதும், பெண்கல்வி குறித்து அவரைச் சந்திக்க கசின்ஸ் அனுமதி கேட்டார். அரசியல் பற்றிய தூதுக்குழுக்களை மட்டுமே அமைச்சர் சந்திப்பார் எனப் பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று வாக்குரிமை மனுவில் ஏறியது. 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு சென்னையில் மான்டேகுவையும் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டையும் சந்தித்தது. பிரிட்டனிலேயே பெண்கள் வாக்குரிமை பெறாத நேரம் அது. அங்கே 30 வயதுக்கு மேற்பட்ட, தகுதியுள்ள பெண்களுக்கு 1918 பிப்ரவரியில்தான் கிடைத்தது.

வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, பெண்கள் வாக்களிக்க இந்தியச் சமூகம் இன்னும் பக்குவப்படவில்லை என்று கைவிரித்தது. 1919இல் சரோஜினி நாயுடு, பெசன்ட், ஹீராபாய் டாட்டா, அவர் மகள் மிட்டன் ஆகியோர் இலண்டன் சென்று நாடாளுமன்றக் கூட்டுக்குழு முன் வாதிட்டனர். அந்த ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் தானே முடிவெடுக்காமல் பொறுப்பை மாகாணச் சபைகளின் தலையில் கட்டியது.

1921 ஏப்ரல் 1 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் எம். கிருஷ்ணன் நாயர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அப்போது ஆட்சியிலிருந்த நீதிக் கட்சிக்கே இந்தப் பெருமை முழுவதும் சேரும் என எழுதுவோர் உண்டு. சபை செய்ததோ முத்திரை குத்தியது மட்டுமே; வேலை அடையாற்றில் முடிந்திருந்தது. அதே ஆண்டில் பம்பாய் பின்தொடர்ந்தது. வங்கம் மறுத்துவிட்டு 1925இல்தான் இசைந்தது. சொத்தும் வரியும் தகுதியாக இருந்ததால், பெயரில் பட்டா இல்லாத பெண்ணுக்கு இத்தீர்மானத்தால் எதுவும் மாறவில்லை. அத்தகையோரே மிகப் பெரும்பாலோர்.

சபைக்குள்

பெண்கள் உறுப்பினராகவும் ஆகலாம் என்ற விதி 1926இல் வந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாய மங்களூர்ப் பக்கம் போட்டியிட்டு மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். நியமன உறுப்பினராக வந்த முத்துலட்சுமி ரெட்டி 1927இல் துணைத்தலைவரானார். கோயில் மானிய நிலத்தைத் தேவதாசிப் பணியிலிருந்து விடுவித்த 1929ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சி. காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார். அதே ஆண்டில் ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார். பெண்களைத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் முற்றாகச் சட்டவிரோதமானது 1947இல்.

சுயமரியாதை இயக்கத்தின் 1929 செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கும் கேட்டது. ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக நியமிக்கவும் தீர்மானித்தது. 1938இல் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் இயக்கத் தலைவர் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் அளிக்கப்பட்டது.

1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்துள்ளவரின் மனைவிக்கும் எழுத்தறிவுள்ள பெண்ணுக்கும் வாக்குரிமையை விரித்தது. கணவன் மூலம் வரும் உரிமையை மாதர் அமைப்புகள் எதிர்த்தன. 1937இல் வென்ற ருக்மிணி லட்சுமிபதி சட்டமன்றத் துணைத்தலைவராகி, 1946இல் அமைச்சரானார்.

பின்னர்

1950இல் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. 1989இல் இந்த வயது 18 ஆனது. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் பெண்கள் தம் பெயர் சொல்ல மறுத்து ‘இன்னார் மனைவி’ என்றே பதிந்ததால், நாடு முழுவதும் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2011இல் பெண்கள் எழுத்தறிவு சுமார் 73 விழுக்காடு; வாக்காளர் பட்டியலில் இன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகம். 2021 தேர்தலில் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12.